சிறுநீரில் அமிலம் என்று வந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 46. முழு உடல் பரிசோதனையில் சர்க்கரை, கிரியாட்டினின் எல்லாம் சரியாக இருந்தன. சிறுநீர் அறிக்கையில் மட்டும் 'அசிடிக், பிஹெச் 5.5' என்று போட்டிருக்கிறார்கள். உடம்பில் அமிலம் ஏறிவிட்டது, தினமும் காலையில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கலந்து குடி என்கிறார் என் மைத்துனர். ஆல்கலைன் தண்ணீர் மெஷினும் வாங்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: ஆப்ப சோடா சமையலறையிலேயே இருக்கட்டும். பிஹெச் என்பது அமிலம், காரத்தைச் சொல்லும் எண். 7 நடுநிலை, அதற்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். சிறுநீரின் பிஹெச் 4.5 முதல் 8 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். காலையில் பிடித்த சிறுநீரில் 5.5 என்பது நாங்கள் தினமும் பார்க்கிற எண்.

சிறுநீரையும் ரத்தத்தையும் ஒன்றாக நினைப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. ரத்தத்தின் பிஹெச் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் இருந்தாக வேண்டும். நாம் சாப்பிடும் மீன், முட்டை, பருப்பில் உள்ள புரதம் உடம்பில் செலவாகும்போது கந்தக அமிலம் போன்றவை உண்டாகின்றன. 60 கிலோ எடை உள்ளவருக்கு இது ஒரு நாளைக்குச் சுமார் 60 மில்லிமோல். கரியமில வாயுவை மூச்சில் விட்டுவிடலாம், இந்த அமிலத்தை அப்படி விட முடியாது. சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். உங்கள் சிறுநீர் அமிலமாக இருக்கிறது என்றால், போக வேண்டியது போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அது எப்படி நடக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் எனும் நுண்ணிய வடிகட்டிக் குழாய்கள் ஏறத்தாழ 10 லட்சம். இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. அதோடு வடிந்துவிடும் பைகார்பனேட்தான் ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் சரக்கு. அதில் 80 சதவீதத்துக்கும் மேல் நெஃப்ரானின் முதல் வளைவிலேயே திரும்ப எடுக்கப்படுகிறது. கடைசிப் பகுதி அமிலத்தைச் சிறுநீருக்குள் தள்ளுகிறது. ஆனால் வெறும் அமிலமாக ஒரு நாள் சுமையைச் சிறுநீர் தாங்காது. அதனால் சிறுநீரகமே அமோனியாவைத் தயாரிக்கிறது. அமிலத்தில் பெரும்பங்கு அதில் ஏறித்தான் வெளியே போகிறது, மீதியை பாஸ்பேட் சுமக்கிறது. அப்புறம் சிறுநீர்க்குழாய்க்கும் சிறுநீர்ப்பைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை மட்டுமே.

ஆய்வகத்தில் சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் பட்டையைக் கவனித்திருக்கிறீர்களா? பிஹெச் கட்டம் காலைச் சிறுநீரில் ஆரஞ்சாக இருக்கும். சாப்பிட்டுச் சற்று நேரத்தில் பிடித்தால் கொஞ்சம் பச்சைக்குப் போகும். டப்பாவை மூன்று, நான்கு மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டால், கிருமிகள் யூரியாவை அமோனியாவாக உடைத்து நீலமாகவே ஆக்கிவிடும். இப்படி மாறுகிற எண்ணை வைத்து உடம்பைக் கணிக்கக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு உடம்பில் அமிலம் உண்மையிலேயே தேங்கும். அதை ரத்தத்தில் பைகார்பனேட் பார்த்துத்தான் கண்டுபிடிப்போம். அது மிகவும் குறைந்தால் மாத்திரை பற்றி யோசிப்போம். யூரிக் அமிலக் கல் வந்தவர்களுக்குச் சிறுநீர் பிஹெச் தொடர்ந்து 5.5-க்குக் கீழே இருந்தால் அதற்கும் தனி மருந்து உண்டு. புதிதாகப் பிடித்த சிறுநீரில் பிஹெச் 8-ஐ ஒட்டி இருந்து, எரிச்சலும் இருந்தால் கிருமித் தொற்றா என்று பார்ப்போம். உங்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை.

ஒரு சிறிய ஸ்பூன் ஆப்ப சோடாவில் சுமார் 1,200 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்குமே 2,000-க்குக் கீழ் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்களுக்கு இது நேரடி ஆபத்து. ஆல்கலைன் தண்ணீரின் காரமோ இரைப்பை அமிலத்தில் விழுந்ததுமே அடங்கிவிடும். மெஷினுக்குக் கொடுக்கிற பணம் வீண்.

ஏற்கெனவே சில நாட்களாக சோடா குடித்துக்கொண்டிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். கால் வீக்கமோ தசைச் சோர்வோ இருந்தால், ரத்தத்தில் பொட்டாசியமும் பைகார்பனேட்டும் பார்க்கச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.