வட்ஸ்அப்பில் செய்தியைப் பார்த்ததைக் காட்டும் நீலக்குறி விழுந்தும் பதில் போடாமல் இருப்பது மரியாதைக் குறைவா?

கேட்டவர் கல்முனையில் வேலை செய்கிறாராம். களுவாஞ்சிக்குடியில் இருக்கும் பெரியம்மாவின் வட்ஸ்அப் செய்தியைத் திறந்தால் போதும், "பாத்திட்டு ஏன் மகன் பேசாம இருக்கிற?" என்று அடுத்த செய்தி வந்து நிற்குமாம்.

மரியாதைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. செய்தி திறக்கப்பட்டது என்பதற்கு மேல் அந்தக் குறி எதையும் சொல்வதில்லை. 2014 நவம்பரில் அது வந்தபோதே பலருக்குப் பிடிக்கவில்லை. பிறகு அதை நிறுத்தி வைக்கும் வசதியையும் கொடுத்தார்கள். அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியில் நிறுத்தலாம். ஆனால் நீங்கள் மறைத்தால் மற்றவர்கள் பார்த்தார்களா என்பதும் உங்களுக்குத் தெரியாது. குழுக்களிலும் குரல் பதிவுகளிலும் இந்த மறைப்பு செல்லாது. பெரியம்மா பேசி அனுப்புபவர் என்றால் தப்ப வழியே இல்லை!

அவரிடம் குறியை மறைப்பதைவிட, "வேலையில நிக்கிறன் பெரியம்மா, இரவைக்கு எடுக்கிறன்" என்று ஒரு வரி போடுவது நல்லது. சொன்னபடி எடுக்கவும் வேண்டும். வெறும் கட்டைவிரல் படம் வயதானவர்களுக்குப் பதிலாகத் தெரிவதில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டது போல இருக்கும்.

குடும்பக் குழுவில் விடியற்காலையில் வரும் பூப்படங்களுக்குப் பதிலே தேவையில்லை. 8 மணித்தியாலமோ ஒரு கிழமையோ ஒலியை நிறுத்திவிடுங்கள், யாருக்கும் தெரியாது. மரண அறிவித்தலுக்கு மட்டும் குழுவில் ஒரு வரி போதாது, வீட்டாருக்கு அழைத்துப் பேசிவிடுங்கள்.