இதயச் செல்லின் போராட்டம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாகனா மாட்டுநோய் பற்றிய கட்டுரையில், அதன் உறவு ஒட்டுண்ணி ஒன்று தென்னமெரிக்காவில் மனித இதயத்திலேயே குடியேறுகிறது என்று ஒரு வரியில் சொல்லிப் போய்விட்டீர்கள். அது புகுந்தபின் இதயச் செல் என்ன செய்யும்? உடனே செத்துவிடுமா?

வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள சகோதரிக்கு,

உடனே சாகாது, போராடும். இதயம் பின்னாளில் சிதைவதில் அந்தப் போராட்டத்துக்கும் பெரிய பங்குண்டு என்பதுதான் சாகஸ் நோய் எனப்படும் இந்நோயின் கொடுமை.

நம் குவாசூலு-நட்டால் மாகாணத்து உபோம்போவில் டேவிட் புரூஸ் என்ற மருத்துவர் கண்ட நாகனா ஒட்டுண்ணி செல்லுக்கு வெளியிலேயே வாழ்வது. 1909இல் பிரேசிலில் கார்லோஸ் சாகஸ் என்ற மருத்துவர் அறிவித்த டிரிப்பனோசோமா குரூசிதான் நீங்கள் கேட்ட ஒட்டுண்ணி; இது செல்லுக்குள் போனால்தான் பெருகும். போகும் வழியைக் கேளுங்கள். செல்லின் சவ்வை அது காயப்படுத்துகிறது. கால்சியம் உள்ளே பாய்கிறது. ஓட்டையை அடைக்க லைசோசோம் என்ற நுண்பைகள் விரைகின்றன. அந்தப் பழுதுபார்ப்பையே வாசலாக்கிக்கொண்டு நுழைந்துவிடுகிறது! பிறகு பையிலிருந்து தப்பி, வாலை இழந்து, இரண்டிரண்டாகப் பிரிகிறது.

செல்லும் சும்மா இருப்பதில்லை. சைட்டோகைன், கீமோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரந்து வெள்ளணுக்களைக் கூப்பிடுகிறது. ஒட்டுண்ணியைக் கொல்ல நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்குகிறது. என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் விழித்துக்கொண்டு, செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்வதைத் தடுக்கிறது. பெரியவர்களின் இதயத் தசைச் செல்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று, அல்லது அதற்கும் குறைவாகவே புதிதாகிறது. ஆகவே இருக்கும் செல்லைக் காப்பது இதயத்துக்கு மிக அவசியம். ஆனால் செல் உயிரோடிருக்கும்வரை ஒட்டுண்ணிக்கும் வீடு கிடைக்கிறது. சில நாளில் செல் வெடிக்க, அடுத்த செல்கள் தாக்கப்படுகின்றன.

நோயெதிர்ப்பு ரத்தத்தில் ஒட்டுண்ணியை அடக்கினாலும் திசுவில் கொஞ்சம் தங்கிவிடும். ஓயாத அழற்சி. செத்த தசை இருந்த இடத்தில் நார்த்தழும்பு. மிஞ்சிய செல்கள் பருக்கின்றன, மின்துடிப்பு தழும்பில் தடைபடுகிறது. நாள்பட்ட தொற்றுள்ளவர்களில் மூன்றில் ஒருவர் வரை, பல ஆண்டுகள் கழித்து, இதயநோய்க்கு ஆளாகிறார்கள்.

2015இல் வெளியான பெரிய சோதனையில், ஏற்கெனவே இதயம் பாதிக்கப்பட்டவர்களுக்கு பென்ஸ்நிடசோல் என்ற ஒட்டுண்ணிக்கொல்லி மருந்தைக் கொடுத்தார்கள். ரத்தத்தில் ஒட்டுண்ணி குறைந்தது. இதயநோய் முற்றுவது குறையவில்லை. தழும்பை மருந்து கரைக்காது. ஆகவே காலத்தோடு கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தாயிடமிருந்து தொற்றிய குழந்தைக்குப் பிறந்தவுடன் இதே மருந்தைக் கொடுத்தால் அநேகமாக முழுதும் குணமாகிறது. தென்னமெரிக்க ஏழை வீடுகளில் பல தாய்மார்களுக்குத் தொற்றைக் கண்டறியும் பரிசோதனையே எட்டுவதில்லை என்பதை என்னால் ஆறுதலாகச் சொல்லிக் கடக்க முடியவில்லை.

அன்புடன்.