ஐம்பது வருஷப் பழைய மினி கம்ப்யூட்டர் கைக்கு வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? உடனே சுவிட்ச் போட்டுப் பார்க்கலாமா?

போடாதீர்கள். கை துறுதுறுக்கும், தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் இருப்பது மாசசூசெட்ஸில். பிடிபி வரிசைக் கணினிகளைச் செய்த டெக் நிறுவனம் இங்கே மேனார்டில் ஒரு பழைய கம்பளி ஆலையில்தான் இயங்கியது. அதனாலோ என்னவோ, இந்தப் பக்கத்து கராஜ்களில் அந்தக் கணினிகள் எப்போதாவது தலைகாட்டும். அப்படித்தான் ஒரு பிடிபி-8/ஈ எனக்குக் கிடைத்தது. 1970-இல் வந்த மாடல். இரண்டு பேர் சேர்ந்து தூக்கித்தான் காரில் ஏற்றினோம்.

முதல் வேலை பவர் சப்ளை. போர்டுகளை எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள். எங்கே எது இருந்தது என்று கழற்றுவதற்கு முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பல வருஷம் சும்மா கிடந்த பெரிய கெப்பாசிட்டர்களுக்கு ஒரேயடியாக முழு வோல்ட்டேஜ் கொடுத்தால் வெடித்தாலும் வெடிக்கும். வேரியாக் (வோல்ட்டேஜைத் திருகி ஏற்றி இறக்கும் மின்மாற்றி) வைத்து, சில மணி நேரமெடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். போர்டுகளுக்குப் பதிலாக மின்சாரத்தை இழுக்கும் லோடாக நான் கார் பல்பு மாட்டினேன். +5, +15, -15 மூன்றும் ஆடாமல் நின்ற பிறகுதான் போர்டுகளைத் திரும்பச் செருகினேன்.

இதுவரை ஒழுங்கு. அப்புறம்தான் சொதப்பினேன்.

இந்தக் கணினியின் நினைவகம் கோர் மெமரி. 4,096 சொற்கள் (ஒரு முகவரியில் இருக்கும் பிட் தொகுப்புக்குச் சொல் என்று பெயர்), சொல்லுக்கு 12 பிட், பிட்டுக்கு ஒன்றாக 49,152 குட்டி ஃபெரைட் வளையங்கள், எல்லாம் கம்பியில் கோத்தவை. காந்தம் என்பதால் மின்சாரம் போனாலும் அதில் இருப்பது அழியாது. கடைசியாக அணைத்தவர் விட்டுப்போன ப்ரோகிராம் உள்ளே அப்படியே இருக்கலாம். அந்த ஆசையில், முன்பலகைக் குமிழை நினைவகத்தில் இருப்பதை விளக்குகளில் காட்டும் எம்டி பக்கம் திருப்பி, 0200 என்ற முகவரியை ஏற்றி, அடுத்தடுத்த முகவரியைப் படித்துக் காட்டும் எக்ஸாம் சுவிட்சைத் தட்டிக்கொண்டே போனேன். விளக்குகள் மாறி மாறி எரிந்தன. நாற்பது சொற்கள் பார்த்திருப்பேன். குறித்துக்கொள்ளவில்லை, வேடிக்கைதான் பார்த்தேன். சரி, எழுதி வைப்போம் என்று மறுபடி 0200-க்கு வந்தால், இடமிருந்து ஆறாவது விளக்கு அந்த நாற்பதில் எந்த முகவரியிலும் அணையவே இல்லை.

கோரைப் படித்தாலே அதில் இருப்பது அழிந்துவிடும். படித்த கையோடு கணினியே திரும்ப எழுதிவைக்கும். எழுதும்போது எல்லா பிட்டுக்கும் 1 எழுதும் மின்னோட்டம் போகும். 0 வேண்டிய பிட்டில் மட்டும் இன்ஹிபிட் மின்னோட்டம் வந்து அதைத் தடுக்கும். என் கணினியில் அந்த ஒரு பிட்டுக்கான இன்ஹிபிட் சர்க்யூட் செத்துப்போயிருந்தது. அதாவது, முதல் முறை பார்த்தபோது விளக்கு சரியாகத்தான் காட்டியது. நான் பார்த்ததே அதைக் கெடுத்துவிட்டது.

பழுதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சிரமமாக இல்லை. இந்த இயந்திரங்களுக்கு முழு சர்க்யூட் படமும் ஸ்கேன் செய்து இணையத்தில் கிடைக்கிறது. இன்ஹிபிட் சர்க்யூட்கள் இருக்கும் ஜி104 போர்டில் ஒரே சர்க்யூட், பிட்டுக்கு ஒன்றாக, பன்னிரண்டு முறை வரும். ஆறாவதையும் பக்கத்திலிருந்த ஏழாவதையும் ஆசிலோஸ்கோப்பில் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு டிரான்சிஸ்டர் போயிருந்தது. மாற்றிவிட்டு 0 எழுதிப் பார்த்தேன், விளக்கு அணைந்தது. இந்த இன்பத்துக்காகத்தான் இதில் விழுகிறோம். இப்போதைய லேப்டாப்பில் இப்படி ஒற்றை பிட்டைத் துரத்திப் பிடிக்க முடியுமா, சொல்லுங்கள்.

நான் பார்க்காத முகவரிகள் தப்பித்தன. அவற்றை ஒவ்வொன்றாக ஆக்டலில் (எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்முறை) நோட்டில் எழுதிவிட்டேன். மிச்சம் அந்த நாற்பது. பிடிபி-8 கட்டளையில் ஆறாவது பிட் முகவரியின் ஒரு பகுதி, அதன் மதிப்பு 64. எனவே முகவரி தாங்கிய ஒவ்வொரு கட்டளையும் 64 தள்ளியிருக்கும் இரண்டு இடங்களில் ஏதோ ஒன்றைக் குறிக்கிறது. எது என்று மற்ற வரிகளை வைத்து ஊகிக்கிறேன். பதினொன்று பாக்கி.