கண்ணெதிரே இருக்கும் வரி தேடலில் வரவில்லையே, ஏன்?

கேள்வி: என் தாத்தா எழுதிவைத்த சித்த வைத்தியக் குறிப்பேட்டை நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற உரைத்தொகுப்பானில் ஏற்றிவருகிறேன். ஒரு பாதி நான் அடித்தது. மறு பாதியைத் தம்பி பழைய எழுத்துருவில் அடித்து, பிறகு யூனிகோடுக்கு (ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் ஓர் எண் தரும் பொது முறை) மாற்றிக் கொடுத்தான். 'கொத்தமல்லி (2 பலம்)' என்று தேடினால் கண்ணெதிரே இருக்கும் வரியைக்கூட 'இல்லை' என்கிறது. தாத்தாவின் கையெழுத்து புரியாத இடங்களில் கேள்விக்குறி போட்டிருக்கிறோம். 'வாதம்?' என்று தேடினால் சம்பந்தமில்லாத இடங்களில் போய் நிற்கிறது. அடைப்புக்குறியை விட்டுவிட்டு 'கொத்தமல்லி' என்று மட்டும் தேடினாலும் தம்பியின் பக்கங்களில் ஒன்றும் அகப்படவில்லை. கோப்பு கெட்டுவிட்டதா, ஐயா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கோப்பு கெடவில்லை, கவலைப்படாதீர்கள். ஆனால் உங்களுக்கு வந்திருப்பது ஒரு சிக்கல் அல்ல, இரண்டு.

முதலில் குறிகள். கன்ட்ரோல் எஃப் அழுத்தியதும் திறக்கும் பெட்டியின் கீழே 'சர்ச் மோட்' என்ற பகுதியைப் பாருங்கள். நார்மல், எக்ஸ்டெண்டட், ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று மூன்று தேர்வுகள் இருக்கும். உங்களுடையது மூன்றாவதில் நிற்கிறது என்று நினைக்கிறேன். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் அடுத்த முறையும் அதிலேயே நிற்கும். அந்த முறையில் சில குறிகள் எழுத்துகள் அல்ல, கட்டளைகள். ஸ்டீபன் கிளீனி என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1950களில் வகுத்த குறியீட்டு முறை அது. கென் தாம்சன் அதைக் கொண்டு உரையில் தேடும் வழியை 1968இல் வெளியிட்டார். இன்று அநேகமாக எல்லா உரைத்தொகுப்பான்களிலும் இருக்கிறது.

அதில் அடைப்புக்குறி என்பது உள்ளே இருப்பதை ஒரு தொகுதியாகக் கொள் என்ற கட்டளை. ஆகவே, மென்பொருள் அடைப்புக்குறியே இல்லாத 'கொத்தமல்லி 2 பலம்' என்ற வரியைத் தேடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கோப்பில் அப்படி ஒரு வரி கிடையாது. கேள்விக்குறியோ, தனக்கு முன்னால் உள்ள ஒரு குறி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று பொருள் தரும். 'வாதம்' என்பதன் கடைசிக் குறி 'ம்' அல்ல, அதன் புள்ளி. யூனிகோடில் புள்ளிக்குத் தனி எண் உண்டு. புள்ளி இல்லாமலும் பொருந்தலாம் என்றாகிவிட்டதால்தான் 'வாதமும்', 'வாதமாக' எல்லாம் வந்து நிற்கின்றன.

நார்மலுக்கு மாற்றுங்கள், இந்தச் சிக்கல் அத்தோடு தீர்ந்தது. அந்த மூன்றாம் முறையே வேண்டும் என்றால் குறிக்கு முன்னால் பின்சாய்கோடு இடுங்கள்: கொத்தமல்லி \(2 பலம்\). கேள்விக்குறிக்கு \? என்று எழுத வேண்டும். அளவுகளில் வரும் புள்ளியையும் மறக்க வேண்டாம். அந்த முறையில் அது ஏதேனும் ஒரு குறியைக் குறிக்கும் என்பதால், 1.5 என்று தேடினால் 1/5 என்பதும் வந்துவிடும். மருந்தின் அளவில் இந்தக் குழப்பம் கூடாது.

அடுத்தது தம்பியின் பக்கங்கள். உங்கள் கவனம் இதில்தான் அதிகம் தேவை. 'கொ' என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுடன் ொ என்ற ஒரே குறி (எண் 3018) சேர்வது ஒன்று. க-வுடன் ெ (3014), ா (3006) என்று இரண்டு குறிகள் சேர்வது மற்றொன்று. திரையில் இரண்டும் அச்சாக ஒன்றே. இரண்டையும் சமமாகக் கொள்ள வேண்டும் என்று யூனிகோடு நெறி சொன்னாலும், நோட்பேட் பிளஸ் பிளஸ் எண்ணுக்கு எண் ஒப்பிட்டுத்தான் தேடுகிறது. எழுத்துரு மாற்றிகள் சில, பழைய எழுத்துருவில் இருந்தபடியே ெ, ா இரண்டையும் தனித்தனியாக விட்டுவிடும். தம்பியின் பக்கத்தில் ஒரு 'கொ'வுக்குப் பின்னால் சுட்டியை நிறுத்திப் பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். 'கெ' என்று மிஞ்சினால் பிளவுபட்ட 'கொ'. 'க' மட்டும் மிஞ்சினால் ஒற்றைக் குறி.

சரிசெய்வது எளிது. குறிகளைத் தனித்தனியாக அடிக்க உதவும் இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில், தேடும் பெட்டியில் ெ, ா இரண்டையும் அடுத்தடுத்து அடியுங்கள். மாற்றும் பெட்டியில் ொ என்ற ஒற்றைக் குறியை அடியுங்கள். இதை 'ரீப்ளேஸ் ஆல்' கொடுத்து மாற்றலாம், ஆபத்தில்லை. ே, ா சேர்ந்த 'ோ'வுக்கும் அப்படியே.

ஔகாரத்தில் மட்டும் அந்தத் துணிச்சல் வேண்டாம். வைத்தியக் குறிப்பில் 'ஔடதம்' வராமல் இருக்காது. அதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக 'ஒளடதம்' என்று அடிப்பவர்கள் ஏராளம். என்னிடம் மெய்ப்புக்கு வரும் கோப்புகளில் ஓயாமல் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் வருந்துகிறது. 'ஒள' எல்லாவற்றையும் ஒரேயடியாக 'ஔ' ஆக்கினால் 'ஒளி'யும் 'ஒளிவு'ம் சிதைந்துபோகும். 'கௌ'வுக்குப் பதிலாக அடித்த 'கெள' என்பதை மாற்றப் போனால் கெளுத்தி மீன் கெட்டுவிடும். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தே மாற்றுங்கள். குறிப்பேட்டில் தமிழ் எண்கள் இருந்தால் அவற்றையும் சோதியுங்கள்: ஒன்றைக் குறிக்கும் ௧ வேறு, க என்ற எழுத்து வேறு.

இன்னொரு வேண்டுகோள். புரியாத இடங்களில் நீங்கள் போட்ட கேள்விக்குறிகளை, தேடல் சரியானதும் அழித்துவிடாதீர்கள். நன்கு படித்த ஒரு சித்த மருத்துவரிடம் காட்டிக் கேட்கும்வரை அவை அங்கேயே இருக்கட்டும்.

கேள்வி: வேர்டில் கேள்விக்குறியைத் தேடினால் ஒவ்வோர் எழுத்திலும் நிற்கிறது. ^ குறியையும் தேட முடியவில்லை. என்ன செய்வது?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: 'யூஸ் வைல்ட்கார்ட்ஸ்' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறது, எடுத்துவிடுங்கள். அந்த முறையில் ? என்றால் ஏதேனும் ஓர் எழுத்து. எடுக்க மனமில்லை என்றால் \? என்று தேடலாம். சாதாரணத் தேடலில் ^ என்பது பத்தி முடிவு, டேப் போன்றவற்றைக் குறிக்கும் முன்னொட்டு. அந்தக் குறியையே தேட ^^ என்று இருமுறை அடியுங்கள்.