நர்சிங் ஹோம், ஹோம்கேர் அனுபவம் எய்ம்ஸ் வேலைக்குச் செல்லுமா?

கேள்வி: நான் ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்துப் பதிவு பெற்ற நர்ஸ். வயது 28, ஓ.பி.சி. பிரிவு. எங்கள் ஊர் நர்சிங் ஹோமில் 13 மாதம், பிறகு ஹோம்கேர் ஏஜென்சி மூலம் வீடுகளில் 10 மாதம், கடைசியாக மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையில் 9 மாதம் வேலை பார்த்தேன். எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் பணிக்கான நார்செட் தேர்வில் தேறி இடமும் ஒதுக்கிவிட்டார்கள். இன்னும் மூன்று வாரத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஹோம்கேர் செல்லாது, நர்சிங் ஹோமும் சந்தேகம்தான் என்கிறார்கள் தோழிகள். வென்டிலேட்டரில் இருந்த நோயாளியையே வீட்டில் தனியாகப் பார்த்தவள் நான். நர்சிங் ஹோம் டாக்டர் இரண்டு மாதச் சம்பளம் 26,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறார். அதைக் கேட்டால் சர்டிபிகேட் இல்லையாம். விட்டுக்கொடுத்தால் ‘50 படுக்கை’ என்றே எழுதித் தருவாராம். மதுரை மருத்துவமனை எச்.ஆரில் தெரிந்தவர் ஒருவர், 9 மாதத்தை 24 மாதமாக்கித் தருகிறேன் என்கிறார். டாக்டர் மேல் வழக்குப் போடலாமா? எய்ம்ஸ் மறுத்தால் கோர்ட்டுக்குப் போகலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் அந்த டாக்டர் பேசிய பேச்சும், பகல் டூட்டி முடித்து இரவில் படித்த கஷ்டமும்தான். முழுவதும் படித்தேன். ஆனால் சரிபார்ப்பு மேஜையில் அதை யாரும் கேட்கப் போவதில்லை. அங்கே பார்ப்பது எத்தனை படுக்கை, எத்தனை மாதம் என்ற இரண்டை மட்டும்தான்.

பி.எஸ்சி. நர்சிங் படித்தவருக்கு அனுபவ நிபந்தனை கிடையாது. ஜி.என்.எம். என்றால், தகுதி பெற்ற பிறகு, குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும் என்று அறிவிக்கையிலேயே இருக்கிறது. அதனால் ‘நர்சிங் ஹோம் ஆஸ்பத்திரியா இல்லையா’ என்ற சண்டையே தேவையில்லை. நம் ஊரில் நர்சிங் ஹோம் என்று பலகை மாட்டியிருப்பதும் படுக்கை வைத்து நோயாளியைச் சேர்க்கும் தனியார் மருத்துவமனைதான். பெயரால் யாரும் தள்ள முடியாது, எண்ணிக்கையால் தள்ளலாம்.

ஹோம்கேரைப் பொறுத்தவரை வாதமே இல்லை. சக்ஷன் போட்டுச் சளியை எடுத்ததும், கழுத்தில் துளையிட்டு வைத்த டிரக்கியாஸ்டமி குழாயைப் பராமரித்ததும், மூக்கு வழியாகப் போடும் ரைல்ஸ் டியூப்பில் உணவு கொடுத்ததும் உண்மையான நர்சிங் வேலை. சில வார்டுகளில் பார்ப்பதைவிடக் கடினமான வேலையும்கூட. ஆனால் ஏஜென்சிக்குப் படுக்கை கிடையாது. 50-க்கு மேல் படுக்கை உள்ள மருத்துவமனையே ஹோம்கேர் பிரிவு நடத்தி, அதன் சம்பளப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்திருந்தால் நான் எழுந்து நின்று வாதாடுவேன். நீங்கள் இருந்தது ஏஜென்சியில். அந்த 10 மாதத்தை இப்போதே கழித்துவிடுங்கள்.

மீதி 22 மாதம். நர்சிங் ஹோமில் 50 படுக்கை இருந்திருந்தாலும் இரண்டு மாதம் குறைகிறது. மதுரையில் வேலையைத் தொடர்கிறீர்கள் என்றாலும், விண்ணப்பத்துக்கு அறிவிக்கை சொன்ன கடைசித் தேதிக்குப் பிறகு சேர்ந்த மாதங்கள் உதவாது. தகுதியை அந்தத் தேதியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997-லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது.

சரி, கோர்ட்? வேண்டாம். மகாராஷ்டிரத்தில் மருந்து ஆய்வாளர் பணிக்கு, கேட்ட அனுபவத்துக்குப் பதில் ஆராய்ச்சி அனுபவத்தையும் ஏற்க வேண்டும் என்று ஒரு வழக்கு போனது. எந்த அனுபவம் தேவை என்பதை வேலை கொடுப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும், அறிவிக்கையை நீதிமன்றம் திருத்தி எழுதாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் ‘வீட்டில் பார்த்ததும் நர்சிங்தானே’ என்ற வாதமும் அதே சுவரில்தான் போய் முட்டும். இதே போன்ற ஒரு வழக்கில் என் கட்சிக்காரருக்கு இடைக்கால உத்தரவு கிடைத்தது, ஓர் இடத்தைக் காலியாகவும் வைத்தார்கள். வீட்டில் இனிப்பு கொடுத்தார்கள். இரண்டரை வருடம் கழித்து மனு தள்ளுபடியானபோது அவருக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில் வேறு எந்தத் தேர்வும் எழுதவில்லை, வழக்கை நம்பி உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உங்கள் விஷயத்தில் நான் உண்மையில் பயப்படுவது அந்த இரண்டு சர்டிபிகேட்டுகளைப் பற்றித்தான். “கையெழுத்து அசல், சீல் அசல், அப்புறம் எப்படி சார் போலி?” என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. கையெழுத்து அசலாக இருந்தால் போலி ஆவணப் பிரிவு பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளலாம். பொய்யான தகவலைக் காட்டி அரசு வேலை வாங்கினால் மோசடிப் பிரிவு தாராளமாகப் பொருந்தும். பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-இல் ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. வழக்கு எழுதிக் கொடுத்தவரோடு நிற்காது, கொண்டுபோய்க் கொடுத்த உங்கள் மேலும் வரும்.

கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மதுரை மருத்துவமனையில் உங்களுக்குப் பி.எஃப். பிடித்திருந்தால் சேர்ந்த தேதி யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண்ணின் கணக்கில் நிற்கும். 24 மாதம் என்று காகிதம் சொல்ல, பாஸ்புக் 9 மாதம் என்று சொல்லும். ஏஜென்சியும் பி.எஃப். கட்டியிருந்தால் ஒரே மாதத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததாக வரும். என்னிடம் வந்த ஒரு பெண் மாட்டியது அப்படித்தான். தகுதிகாண் காலத்திலேயே வேலை போனது, போலீஸ் வழக்கும் வந்தது. எச்.ஆர். ஆள் என்ன சொன்னார் தெரியுமா? அந்தக் கையெழுத்தே தன்னுடையது இல்லை என்றார்.

படுக்கை எண்ணிக்கையையும் மறைக்க முடியாது. ஒவ்வொரு மருத்துவமனையும் உயிரி மருத்துவக் கழிவுக்காக மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், அதில் எத்தனை படுக்கை என்று எழுதியிருக்கும். சரிபார்ப்பில் தப்பினாலும் பயம் தீராது. போலிச் சாதிச் சான்றிதழில் சேர்ந்தவர்கள் பல வருடம் வேலை பார்த்துவிட்டோம் என்று கெஞ்சியும், அந்த வேலைக்குப் பாதுகாப்பு இல்லை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுபவச் சான்றிதழுக்கும் அதே வாதத்தைத்தான் எதிர்த்தரப்பு வைக்கும்.

விண்ணப்பத்தில் ‘இரண்டு வருடம் உண்டு’ என்று போட்டீர்களே, அது இதுவரை தவறான கணக்கு, அவ்வளவுதான். பொய்ச் சர்டிபிகேட்டை நீட்டிய நிமிடம் அது குற்றமாக மாறிவிடும். உண்மையான தேதிகளோடு ஒரு கடிதம் எழுதி, நிபந்தனை நிறைவடையவில்லை என்று நீங்களே தெரிவித்து விலகுங்கள். கடித நகலையும் அனுப்பியதற்கான அத்தாட்சியையும் பத்திரமாக வைத்திருங்கள்.

டாக்டரோடு சமாதானமாகப் போங்கள். 26,000 ரூபாய் உங்கள் உழைப்பு, கேட்க முழு உரிமை உண்டு, நீங்கள் ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் அந்த 13 மாதத்துக்கான உண்மையான சர்டிபிகேட் உங்களுக்கு அதைவிடப் பெரிது. தேதிகள், பதவி, பார்த்த வார்டு, உள்ளபடியே படுக்கை எண்ணிக்கை, மருத்துவமனையின் பதிவு எண் எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு கையில் சர்டிபிகேட், மறு கையில் ‘சம்பளப் பாக்கி கோரமாட்டேன்’ என்ற கடிதம் என்று ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், உள்நோயாளிகள் சேரும் மருத்துவமனை என்றும் எழுதி வாங்குங்கள். பிரிட்டனில் நர்சிங் ஹோம் என்றால் முதியோர் பராமரிப்பு இல்லம் என்றுதான் புரிந்துகொள்வார்கள். நம் பெண்கள் பலருக்கு இது அங்கே போன பிறகுதான் தெரிகிறது.

வயதைப் பாருங்கள். நார்செட்டுக்கு உச்ச வயது 30, ஓ.பி.சி. சலுகையோடு 33. மதுரை வேலையில் இன்னும் 15 மாதம் இருந்தால் அந்த ஒரே இடத்து அனுபவமே 24 மாதம் ஆகிவிடும், 30 வயதுக்குள் மறுபடி எழுதலாம். வேலையை விட்டிருந்தால், 50 படுக்கைக்குக் குறையாத இடமா என்று அங்கீகாரக் காகிதத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததில் சேருங்கள். அல்லது ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்கில் சேருங்கள், அதுவும் இரண்டு வருடம்தான், முடித்தால் இந்தப் படுக்கைக் கணக்கே உங்களைத் தொடாது. எச்.ஆர். நண்பரின் எண்ணுக்கு இன்றே ‘எதுவும் வேண்டாம்’ என்று எழுத்தில் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.