தாத்தாவின் .455 ரிவால்வரைப் பழைய அளவுக்குத் திருப்பலாமா?

கேள்வி இது: தாத்தா வைத்திருந்த .455 (குழல் துளையின் அளவு, அங்குலத்தில்) வெப்லி ரிவால்வரை யாரோ அந்தக் காலத்தில் .32 ஆக மாற்றிவிட்டார்கள், அதை மறுபடி அசல் அளவுக்குக் கொண்டுவர முடியுமா?

எங்கள் வீட்டிலும் இதே கதைதான், அதனால் எழுதுகிறேன். எங்களுக்கு ராயக்கோட்டைப் பக்கம். பட்டாளத்திலிருந்து வந்த தாத்தா வாங்கி வைத்த வெப்லி மார்க் 6 இப்போது என் பெயரில் இருக்கிறது. 1915-ல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட மாடல். நடுவில் மடிந்து திறக்கும், ஆறு குண்டு, ஒரு கிலோவுக்கு மேல் கனம். சின்ன வயதில் அதை இரண்டு கையாலும் தூக்கியது இன்னும் நினைவிருக்கிறது.

ஐந்தாறு வருடம் முன்பு எனக்கும் உங்கள் ஆசை வந்தது. பெங்களூரில் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கி ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். வயதானவர். பேரலின் வாய்க்குள் சின்ன டார்ச்சை அடித்து, "உள்ளே பாருங்க சார்" என்றார். விளிம்புக்கு உள்பக்கம் முடி கனத்தில் ஒரு வட்டக் கோடு. அதுவரை அது என் கண்ணில் பட்டதே இல்லை. துளையைச் சிறிதாக்க உள்ளே செருகிய ஸ்லீவின், அதாவது மெல்லிய குழாயின், விளிம்பாம். சிலிண்டரின் ஆறு துளைகளிலும் அதே கோடு.

அவர் சொன்னதில் எனக்கு உறைத்தது இதுதான். ஸ்லீவ் போடுகிறவர் முதலில் பேரலைத் துளைத்துப் பெரிதாக்குவார். குண்டைச் சுழலவைக்கும் பழைய புரிகள் அப்போதே தூளாகிப் போயிருக்கும். இப்போது ஸ்லீவை உருவினால் உங்களுக்கு .455 கிடைக்காது, வழவழப்பான ஒரு பெரிய ஓட்டைதான் மிஞ்சும். வேறு பேரலும் சிலிண்டரும் தேடிப் பொருத்தினால், தாத்தா கைபட்டது என்று மிச்சமிருப்பது பாதிதான். லைசென்ஸில் உள்ள எண்ணும் பாகத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாது என்ற தலைவலி வேறு.

அப்புறம் சட்டம். இதைத் தயவுசெய்து லேசாக எடுக்காதீர்கள். .455 விளிம்புத் தோட்டாவைச் சுடக்கூடிய ரிவால்வர் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட துளை அளவு (bore) வகை. அதற்கு உள்துறை அமைச்சகம்தான் லைசென்ஸ் தர முடியும். .32-க்கு கலெக்டர் ஆபீஸ் போதும். ஆக, நாம் "பழையபடி ஆக்குகிறோம்" என்று நினைப்பது, சட்டத்தின் கண்ணில் சாதாரண ஆயுதத்தைத் தடை செய்த ஆயுதமாக மாற்றுவது. உரிமம் இல்லாத பட்டறையில் கொடுத்து மாற்றினால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. "எனக்குத் தெரிந்த லேத்காரர் இருக்கிறார்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

"பழம்பொருள்தானே, லைசென்ஸே வேண்டாம்" என்றும் சிலர் சொல்வார்கள். ஆயுதச் சட்டம் 45-ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் ரிப்பேர் செய்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருக்கும் ஆயுதத்துக்குத்தான் அது பொருந்தும். உங்களுடையது சுடுகிறது.

நான் அதைத் தொடாமல் விட்டுவிட்டேன். அப்பாவுக்கு 70 வயது ஆனதும் வாரிசு முறையில் என் பெயருக்கு மாற்ற மனு கொடுத்தோம்; தங்கச்சி ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டாள். அதற்காகப் பழைய லைசென்ஸ் புத்தகங்களை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்தபோதுதான் கவனித்தேன். முதல் புத்தகத்தில் சேலம் கலெக்டர் முத்திரை. 1965-க்குப் பிறகு தர்மபுரி. 2004-க்குப் பிறகு கிருஷ்ணகிரி. வீடு மாறவே இல்லை, மாவட்டம்தான் இரண்டு முறை மாறியிருக்கிறது. முதல் புத்தகத்திலேயே .455 என்ற எண்ணைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் .32 என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் இருக்கிறது. தாத்தா ஒளித்து மறைத்து எதையும் செய்யவில்லை, கேட்டு அனுமதி வாங்கித்தான் மாற்றியிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் முதலில் அந்தப் பழைய புத்தகத்தைத் தேடுங்கள். மாற்றியதற்கான பதிவு அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, துப்பாக்கியை எங்கும் எடுத்துப் போவதற்கு முன்னால், கலெக்டர் ஆபீஸில் ஆயுத லைசென்ஸ் பிரிவில் காட்டிக் கேளுங்கள்.