புகை வருகிறது, கொசு போகவில்லை: வாசகர் கேள்விகள்

மழைக்காலம் வந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி கொசுவைப் பற்றித்தான். இந்த முறை புகை மெஷின் பற்றியே நிறைய வந்திருக்கின்றன. கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கே: வீடியோ பார்த்து, பழைய பைக்கின் சைலன்சரில் ஓட்டை போட்டு செப்புக் குழாயைச் சொருகினேன். வண்டியை ஓடவிட்டு டீசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வெள்ளைப் புகை கொட்டுகிறது. செலவு ஆயிரம் ரூபாய்க்குள். வயலுக்கு அடித்த மருந்து மிச்சம் இருக்கிறது. எவ்வளவு கலக்கலாம்?
*திருவாரூர் வாசகர்*

ப: ஒரு சொட்டுகூட வேண்டாம். புகை வருவதால் மெஷின் வேலை செய்கிறது என்று நினைக்கிறீர்கள். அந்த வெள்ளை, ஆவியான டீசல் வெளிக்காற்று பட்டு மறுபடி துளியானது, அவ்வளவுதான். பறக்கிற கொசுவின் மேல் மருந்து ஒட்ட வேண்டுமானால் துளி சுமார் 5 முதல் 30 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதைவிடப் பெரிய துளி சீக்கிரமே தரையில் இறங்கிவிடும். நகராட்சி ஊழியர் தோளில் மாட்டி வரும் மெஷினில் சூடும், மருந்து வரும் வேகமும் ஒன்றுக்கொன்று பொருத்தி வைக்கப்பட்டவை. உங்கள் சைலன்சரில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஒரு சூடு, விட்டால் ஒரு சூடு. சூடு ஏறினால் மருந்தே சிதைந்துபோகும், இறங்கினால் டீசல் அப்படியே தெறிக்கும்.

வயல் மருந்து தண்ணீரில் கலந்து பயிருக்கு அடிக்கத் தயாரித்தது. அதன் அளவு நெல்லுக்குச் சொன்னது, திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்குச் சொன்னதல்ல. அப்புறம் நெருப்பு. கேனில் இருக்கிற டீசலைவிட, பொடித்துளியாகக் காற்றில் பரவிய டீசல் எளிதில் பற்றும். பக்கத்திலேயே கொதிக்கிற சைலன்சர். ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வேறு. குழாயைக் கழற்றிவிட்டு ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

கே: செருகினால் கொசுவை விரட்டும் அல்ட்ராசோனிக் கருவி வாங்கலாமா?
*ஈரோடு வாசகி*

ப: வேண்டாம். என்னிடம் ஒன்று இருந்தது, அதன் மேலேயே கொசு உட்கார்ந்திருக்கும். அதோடு சேர்த்து வாங்கிய நீல விளக்குப் பெட்டியில் சிக்கியதெல்லாம் அந்துப்பூச்சியும் ஈசலும்தான்.

கே: ஆன்லைனில் 6,500 ரூபாய்க்கு, சின்ன காஸ் டப்பா மாட்டும் கைப் புகை மெஷின் வாங்கினேன். டப்பாவைத் திருகும் இடத்தில் காஸ் கசிகிறது. தமிழில் மட்டுமல்ல, எந்த மொழியிலும் விளக்கத்தாள் இல்லை. விற்றவர் பதிலே போடவில்லை. மகனுக்கு டெங்கு வந்து பிழைத்ததால் பயந்துபோய் வாங்கியது.
*கடலூர் வாசகி*

ப: அம்மா, உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. முதலில் டப்பாவைக் கழற்றி வெளியே, வெயில் படாத இடத்தில் வையுங்கள். உள்ளூர் மெக்கானிக்கிடம் கொடுத்து வாஷர் மாற்ற வேண்டாம். மாற்றினால் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்பார்கள். பெட்டி, பில், கசிவு தெரிகிற வீடியோ (சோப்பு நுரை தடவினால் குமிழி வரும்) எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

விற்பனைத் தளத்தில் குறைதீர் அலுவலர் என்று ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, ஆனால் அதுவரை ஆறப்போடாதீர்கள்.

கே: எங்கள் ஊர் கடையில் "நகராட்சி மருந்து" என்று கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றித் தருகிறார்கள். அரை லிட்டர் 300 ரூபாய். ஒரிஜினலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
*அரக்கோணம் வாசகர்*

ப: கண்டுபிடிக்கவே முடியாது. அதற்காகத்தான் அப்படி ஊற்றித் தருகிறார்கள்.

இதைப் பற்றிப் பலமுறை எழுதியாகிவிட்டது, இன்னொரு முறையும் எழுதுகிறேன். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் இல்லாத பூச்சி மருந்தை விற்கக் கூடாது. டப்பாவில் பதிவு எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, முறிமருந்து விவரம் எல்லாம் அச்சில் இருக்க வேண்டும். சாய்சதுரத்துக்குள் கீழ்பாதியில் ஒரு நிறமும் இருக்கும். சிவப்பு என்றால் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் இருக்கிற ஒரே நிறம், அந்தக் கூல்டிரிங்க்ஸ் கம்பெனியுடையது.

முறிமருந்து விவரம் அலங்காரத்துக்கு இல்லை. குழந்தை அந்தப் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டால் ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, "என்ன மருந்து?" மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சி மருந்து என்றால் அட்ரோபின் போடுவார்கள். பைரித்ராய்டு என்ற இன்னொரு வகைப் பூச்சி மருந்துக்கு அது முறிமருந்து இல்லை. "நகராட்சி மருந்து" என்று நீங்கள் சொன்னால் டாக்டர் எதைப் போடுவார்? அந்தப் பாட்டிலில் டைகுளோர்வாஸ் என்ற பூச்சி மருந்துகூட இருக்கலாம். 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் அது முழுதாகத் தடை செய்யப்பட்டது. பழைய சரக்கை ஒழிக்க லேபிள் இல்லாத பாட்டிலைவிட வசதி என்ன இருக்கிறது? வேளாண் துறை அலுவலகத்தில் பூச்சிக்கொல்லி ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள். பாட்டிலைச் சாக்கடையில் கொட்டாமல் அவரிடமே காட்டுங்கள். பைரித்ராய்டாக இருந்தால் ஒரு குளத்து மீனுக்கே ஆபத்து.

கே: இது எனக்கு மூன்றாவது புகை மெஷின். அடித்த அன்று குறைகிறது, மறுநாள் பழையபடி. நல்ல கம்பெனி எது? (மாடித் தொட்டியின் மூடி ஆடி மாதக் காற்றில் பறந்துவிட்டது. அதனால் வருமா?)
*தாம்பரம் வாசகர்*

ப: அடைப்புக்குறிக்குள் பதிலை நீங்களே எழுதிவிட்டு என்னிடம் கம்பெனி கேட்கிறீர்கள். புகை பறக்கிற கொசுவை மட்டுமே கொல்லும், தண்ணீரில் நெளிகிற புழுவைத் தொடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். மூன்று மெஷின் வாங்கிய பணத்தில் தெருவுக்கே தொட்டி மூடி வாங்கியிருக்கலாம். மூடி போடுங்கள், அது காற்றில் பறக்காமல் கம்பி கட்டுங்கள், தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும்.

கே: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாரம் ஒருமுறை புகை அடிக்க ஒருவருக்கு வருடக் கட்டணம் முன்பணமாகக் கொடுத்துவிட்டோம். பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து அடிக்கிறார். டீசல் வாடை மட்டும்தான் வருகிறது.
*கோவை, சங்கச் செயலாளர்*

ப: வருடம் முழுவதுக்கும் முன்பணம் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்க மாட்டேன், பதில் எனக்குத் தெரியும்: "பத்து சதவீதம் தள்ளுபடி". உச்சிவெயிலில் தரை சூடாகி, புகை நேரே மேலே போய்விடும். விடியலிலும் அந்தியிலும், காற்று அசையாதபோது அடித்தால்தான் கீழே தங்கும். வணிகரீதியாகப் பூச்சி ஒழிப்புச் செய்ய உரிமம் வேண்டும், அதன் நகலைக் கேளுங்கள். மருந்தின் சீல் உடைக்காத டப்பாவை உங்கள் எதிரில் திறந்து கலக்கச் சொல்லுங்கள். மறுத்தால் மீதித் தொகையைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபால் அனுப்புங்கள்.

கே: கொசு பேட் வாங்கி நான்கு நாளில் சார்ஜ் நிற்கவில்லை. பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று முத்திரை குத்தியிருக்கிறது. பணம் போனது போனதுதானா?
*திண்டுக்கல் வாசகி*

ப: இல்லை. பழுதான பொருளுக்கு அந்த முத்திரை செல்லாது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் சொல்கிறது. பேட்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு, கடையில் கூட்டம் இருக்கும் சாயங்கால நேரமாகப் பார்த்துப் போங்கள்.